கோசலா தைத்த கூறைச் சட்டை

கலியாணக் கூறைச் சேலையோடு போடுகிற சட்டையைத் தைத்து முடித்தபோது கோசலா உள்மடிப்பில் ஒரு விரல் துணிகூட மிச்சம் விடவில்லை. புங்குடுதீவில் தையல் தெரிந்த யாரும் செய்யாத காரியம் அது. கலியாணச் சட்டை என்றால் இரண்டு விலாவிலும் துணி விட்டுத்தான் தைப்பார்கள். பெண் நாளைக்குப் பெருப்பாள், பிள்ளை பெறுவாள். தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். கோசலா அந்த மடிப்பை ஒட்ட வெட்டினாள். வெட்டிய துண்டுகளைக் குசினி அடுப்புக்குள் போட்டு, அவை சுருண்டு கருகுவதை நின்று பார்த்தாள்.

மணப்பெண்ணின் உடம்புக்கு அந்தச் சட்டை காணாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

மணப்பெண் கம்சிகா ரொறன்ரோவில் வளர்ந்தவள். மாப்பிள்ளை நிரோஜன் கோசலாவின் தம்பி, யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. தகப்பன் முன்பே இறந்துபோய்விட்டார். நிரோஜன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தாயும் போனாள். அதன்பிறகு அந்த வீட்டில் உலை வைத்ததும், அவனைப் படிப்பித்ததும், முன்னறையில் கிடந்த தையல் மெசினும் கோசலாவும்தான்.

அவளுக்குப் பதினேழு வயதில் இடது முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. தேமல் என்றார்கள். அது பரவி மணிக்கட்டுக்கு இறங்கியது, மற்றக் கையிலும் வந்தது, பிறகு உதட்டோரத்திலும் ஒரு கண்ணிமையிலும். மீனும் பாலும் சேர்த்துத் தின்றிருப்பாய் என்று ஒருத்தி சொன்னாள். கார்போக அரிசி எண்ணெயைப் பூசி வெயிலில் இருக்கச் சொன்னார் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியார். இருந்தாள், தோல் வெந்து கொப்பளித்ததுதான் மிச்சம். ரியூசனுக்குப் போகிற பெடியள் அவளுக்கு 'உலகப்படம்' என்று பட்டம் வைத்தார்கள். வேலியோரம் நின்று, "கோசலாக்கா, அவுஸ்திரேலியா எந்தக் கையில?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

பெரியாஸ்பத்திரித் தோல் வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். இது ஒருவருக்கும் தொற்றாது, நோகாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. முழுதாக மாறுமென்றும் சொல்ல ஏலாது. அவர்தான் மனநல உத்தியோகத்தரிடமும் அனுப்பினார். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. கோபம் வந்தால் மூச்சை மெல்ல இழுத்து விடுங்கோ என்றாள். கோசலா இழுத்தாள், விட்டாள். மூச்சு போய் வந்தது. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கோபத்துக்கு அவளிடம் வேறு வழி இருந்தது. மெசினில் இருந்து மிதிப்பாள். அவள் வேகமாக மிதிக்கிற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி, "இண்டைக்கு ஆரோ கோசலாவோட கொழுவியிருக்கினம்" என்று சரியாகச் சொல்லிவிடுவாள். முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நின்றது. சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்களை அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, அவள் அதன் பின்பக்கமாக நின்று ஊசி குத்துவாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கோயில் திருவிழாக்களுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை. தீவுப்பகுதிக் கலியாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்குத் தோழி. கூறையை உடுத்திப் பெண்ணை மணவறைக்குக் கூட்டி வருவது அவள். தாலி கட்டும்போது பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடிப்பதும் அவள். தம்பிக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கோசலா அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்திருந்தாள். தனக்கென்று ஒரு மணவறை இல்லையென்று எப்போதோ முடிவாகிவிட்டது. இது அவளுடைய இடம். இதைக் கேட்டு வாங்கத் தேவையில்லை என்று நம்பியிருந்தாள்.

கம்சிகாவின் தாய் சறோஜினிதேவி வாட்ஸ்அப்பில் வந்து அதைக் கேட்டாள்.

"பிள்ளை கோசலா, குறை நினைக்கக் கூடாது. நேரலையில ரொறன்ரோச் சனம் முழுக்கப் பார்க்கும். தாலி கட்டேக்கை கமெராக்காரன் கிட்ட வந்து கையைத்தான் எடுப்பான். அதுதான்... உங்கட சித்தப்பாவின்ர மகள் பவதாரணி நிக்கட்டுமன். அவளும் தங்கச்சி முறைதானே."

"அப்ப நான், மாமி?"

"நீர் வேலையளைப் பாரும். கூறை உடுத்த உம்மை விட்டால் ஆர் இருக்கினம்? முழுக்கைச் சட்டை போட்டீரெண்டால் நல்லம்."

நிரோஜன் பக்கத்துக் கதிரையில் இருந்தான். கோசலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் கைபேசியைப் பார்த்தான்.

"என்னடா சொல்லுறாய்?"

"அவையளும் ஆசைப்படுகினம் அக்கா. ஒரு நாள்தானே."

அன்று பக்கத்து வீட்டுக்காரி மெசின் சத்தத்தைக் கேட்டு வேலிக்கு வந்து பார்த்துவிட்டு, வந்த காலோடு திரும்பிப் போனாள்.

பிறகு ரொறன்ரோவிலிருந்து அளவுச் சட்டை வந்து சேர்ந்தது. கூறைச் சட்டையை மாப்பிள்ளை வீடுதான் தைத்துக் கொடுக்க வேண்டும்; அதற்குப் பெண்ணின் பழைய சட்டை ஒன்றை அளவுக்கு அனுப்புவது வழக்கம். கோசலா அதைக் கையில் எடுத்ததுமே விளங்கிவிட்டது. இது கம்சிகாவின் பழைய உடம்புக்குத் தைத்தது. வீடியோவில் அவள் பார்த்த கம்சிகாவின் மேற்கை இதற்குள் போகாது. மகள் பருத்துவிட்டாள் என்பதை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட மனமில்லாமல், அதற்குள் மெலிய வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில், தாய் இதை அனுப்பியிருக்கிறாள்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கோசலா கேட்கவில்லை. அனுப்பிய அளவிலேயே தைத்தாள். உடம்பை மறைக்கச் சொன்னவள் தன் மகளின் உடம்புக்குச் சபையில் பதில் சொல்லட்டும் என்று ஒவ்வொரு தையலாகப் போட்டாள். மிஞ்சிய பட்டில் தனக்கும் ஒரு சட்டை தைத்தாள். சொன்னபடியே முழுக்கை.

கலியாணம் நயினாதீவில், அம்மன் கோயிலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். இரண்டு வீட்டாரும் குறிகட்டுவானில் படகேறிப் போனார்கள். பட்டுச் சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். வீடியோக்காரன் இறங்குதுறையிலேயே ட்ரோனை ஏற்றிவிட்டான். ஐயர் கூறைச் சேலையும் சட்டையும் வைத்த தட்டைச் சபைக்கு அனுப்பினார். எல்லோரும் தொட்டு வாழ்த்தினார்கள். கம்சிகா தட்டை வாங்கிக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குள் போனாள். கோசலாவும் சறோஜினிதேவியும் பின்னால் போனார்கள். தோழியாக நிற்க வந்த பவதாரணி கதவடியில் நின்றாள்.

சட்டை கம்சிகாவின் முழங்கைக்கு மேலே ஏறவில்லை. இழுத்து ஏற்றியபோது முதுகில் கொளுக்கிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி நின்றது.

"மூச்சை உள்ளுக்கு இழு," என்றாள் சறோஜினிதேவி.

"இழுத்துக்கொண்டுதான் அம்மா நிக்கிறன்."

"பச்சைச் சட்டையோட வந்தவா தானே. அதையே போடலாமே?" என்றாள் பவதாரணி.

"கூறைக்கு வந்த சட்டையைப் போடாமல் மணவறைக்குப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?" சறோஜினிதேவி மகளின் பக்கம் திரும்பினாள். "சொன்னனானே! சோத்தைக் குறை, சோத்தைக் குறையெண்டு வாய் கிழியச் சொன்னனானே! பார் உன்ர கையை, உலக்கை மாதிரி! ரொறன்ரோ முழுக்கச் சிரிக்கப் போகுது!"

கம்சிகா அழவில்லை. கைகள் இரண்டையும் மார்பில் குறுக்காகக் கட்டி, மேற்கைகளை உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த நிலை கோசலாவுக்குப் பழக்கமானது. அப்படி நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள், தாயின் செத்தவீட்டிலும் நின்றிருக்கிறாள்.

வஞ்சம் சரியாகத்தான் வேலை செய்திருந்தது. விழுந்த ஆள்தான் பிழை.

வெளியே ஐயரின் குரல் கேட்டது. "கூறை உடுத்தியாச்சோ? முகூர்த்தம் தப்பப் போகுது!"

சறோஜினிதேவி கோசலாவின் கையைப் பிடித்தாள், முழுக்கைத் துணிக்கு மேலால். "பிள்ளை, யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பவும் ஏலாது. நடுவில கடல். என்னவாவது செய்யும். உம்மட கெட்டித்தனம் ஆருக்கு இருக்கு?"

"செய்யிறன் மாமி. தோழியா நான் நிப்பன்."

"என்ன?"

"பின்னலை நான் தூக்குவன். இந்தக் கையால. ஓமெண்டால் ஊசியை எடுக்கிறன். இல்லையெண்டால் நீங்களே ஐயரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, ஏன் சட்டை சின்னனாப் போனதெண்டு. அளவுச் சட்டை என்ர வீட்டில பத்திரமா இருக்கு."

சறோஜினிதேவி பிடித்திருந்த கையை விட்டாள். "இதென்ன, சந்தையில பேரம் பேசுற மாதிரி..."

"ஓம் மாமி. அப்படித்தான்."

"பவதாரணி என்ன நினைப்பாள்?"

"எனக்கென்ன மாமி," என்றாள் பவதாரணி கதவடியிலிருந்து. "படகில வந்ததே எனக்குத் தலைச்சுத்து. அக்கா நிக்கிறதுதான் முறை."

"சரி, சரி, நில்லும். கெதியாச் செய்யும்."

"நீங்கள் வெளியில போங்கோ."

தாய் போனதும் கோசலா கதவைத் தாழிட்டாள். சட்டையைக் கழற்றி வாங்கி, கையின் அடித்தையலையும் விலாத்தையலையும் ஒரே இழுவையில் பிரித்தாள். கம்சிகா அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், உங்களுக்கு முதலே தெரியும், என்ன? வீடியோவில என்னைப் பார்த்தனீங்கள் தானே."

கோசலா நிமிர்ந்தாள். "தெரியும்."

"உள்ளுக்குத் துணியும் விடேல்லை."

"வெட்டி எரிச்சனான்."

"எனக்கோ, அம்மாவுக்கோ?"

"அம்மாவுக்கு. உம்மில விழுந்திட்டுது."

கம்சிகா பிரித்த சட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்தாள். "எனக்கு எட்டு வயசிலயிருந்து அம்மா என்ர சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிப்பா, மச்சாள். பசிக்குதெண்டு சொல்லவே பயம். கலியாணம் முடிஞ்சால் விடுவா எண்டு நினைச்சனான்." ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "இப்ப துணிக்கு எங்க போறது?"

கோசலா கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்துவிட்டு இடது கையை நீட்டினாள். ஒரே பட்டு, ஒரே நிறம். "முழங்கைக்கு மேல வெட்டும். பயப்பிடாமல் வெட்டும்."

கத்தரி மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது. துணி கழன்று விழ, பழுப்பும் வெள்ளையுமாகக் கை வெளியே வந்தது. கம்சிகா பார்த்தாள். அயலில் எல்லோரும் பார்க்கிற பார்வை அல்ல அது. சந்தையில் புதுவித மீனைப் பார்ப்பது போல, நிறையக் கேள்வியோடு பார்த்தாள்.

"நோகுமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் மூடினனீங்கள்?"

"நீர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனீர்?"

கம்சிகா சிரித்துவிட்டாள். மற்றக் கையையும் அவளே வெட்டினாள். கோசலா அந்தத் துணியை இரண்டு நீள நாடாவாக்கி, சட்டைக் கைவிளிம்பிலிருந்து கக்கம் வழியாக இடுப்புவரை வைத்துக் கையால் தைத்தாள். தையல் பெரிதாகத்தான் இருந்தது; கையும் சேலைத் தலைப்பும் மறைக்கிற இடம். கொளுக்கிகள் பூட்டின. கம்சிகா ஆழமாக மூச்சு இழுத்து விட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது முன்வரிசைப் பெண்கள் முதலில் கூறையைப் பார்த்தார்கள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு வந்த கைகளைப் பார்த்தார்கள். கைகளைச் சேலைக்குள் இழுக்கக் கோசலாவின் உடம்பு தானாகவே பார்த்தது. அவள் விடவில்லை. மணவறையில் நிரோஜன் நிமிர்ந்தான், அக்காவின் கைகளைக் கண்டான், குனிந்து தன் வேட்டிக் கரையைச் சரிசெய்தான்.

கெட்டிமேளம் கொட்டியது. கோசலா பின்னலைத் தூக்கினாள். வீடியோக்காரன் கிட்ட வந்து, ஒரு கணம் தயங்கி, கமெராவை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்த்தான்.

"நேர எடும் தம்பி," என்றாள் கோசலா. "இந்தப் பக்கம்தான் வெளிச்சம்."

அவன் நேரே எடுத்தான். மண்டபத்துப் பெரிய திரையில் மஞ்சள் கயிறும், தம்பியின் விரல்களும், அவற்றுக்கு மேலே வெள்ளை படர்ந்த இரண்டு கைகளும் ஆளுயரத்துக்குத் தெரிந்தன. பின்னலை வேண்டியதைவிடக் கொஞ்ச நேரம் கூடத் தூக்கிப் பிடித்திருந்தாள். ரொறன்ரோவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டாள். இனித்தது. அந்த இனிப்பு தனக்குச் சரியோ பிழையோ என்று அவள் யோசிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் சறோஜினிதேவி வந்து காதடியில் சொன்னாள்: "நல்லாப் பழி வாங்கிப்போட்டீர்."

"ஓம் மாமி. வாங்கினனான். பாயசம் நல்லா வந்திருக்கு, சாப்பிடுங்கோ. கம்சிகாவுக்கும் இன்னொருக்கா விடச் சொல்லுங்கோ."

எதிர்ப்பந்தியில் கம்சிகா ஏற்கெனவே கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். தாய் பார்க்கிறாள் என்று தெரிந்தே நீட்டினாள்.

கோசலா புறப்படும்போது நிரோஜன் மண்டப வாசலில் வந்து நின்றான். மாலை கழற்றியிருந்தான். "அக்கா, கோவிக்காதைங்கோ. நான் அண்டைக்கு ஒண்டும் கதைக்காமல் இருந்தது பிழைதான்."

"பிழைதான்."

"மன்னிக்க மாட்டீங்களோ?"

கோசலா அவனை வடிவாகப் பார்த்தாள். சின்னப் பொடியனாக இருந்தபோது, குளிக்க வார்த்துவிட்ட பிறகு நடுங்கிக்கொண்டு நிற்கிற அதே முகம். முன்னென்றால் அந்த இடத்திலேயே இளகியிருப்பாள்.

"இப்ப ஏலாது. மனம் வந்தால் சொல்லுறன். வராமலும் விடலாம். நீ உள்ளுக்குப் போ, அந்தப் பிள்ளை தனிய இருக்கு."

படகில் உள்ளே இடம் இருந்தது. அவள் மேல்தட்டில் ஏறி இருந்தாள். முன்னால் இருந்த கிழவி ஒருத்தி கைகளை முறைத்து முறைத்துப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, கையில எண்ணெய் கொட்டினதோ?"

"இல்லையணை. வெண்புள்ளி. பதினேழு வயசிலயிருந்து கிடக்கு. தொட்டுப் பார்க்கப் போறியளோ?"

கிழவி மெய்யாகவே தொட்டுப் பார்த்தாள். "மெத்தெண்டு கிடக்கு," என்றாள் ஏமாற்றத்தோடு. பிறகு குறிகட்டுவான் பஸ்ஸைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

உச்சி வெயில். வெள்ளைத் தோல் கெதியில் எரியத் தொடங்கியது. கோசலா சேலைத் தலைப்பை இழுத்துக் கைகளில் போட்டுக்கொண்டாள், வெயிலுக்கு மட்டும். மடியில் கைபேசி அடித்தது. திரையில் தம்பியின் பெயர். அவள் எடுக்கவில்லை, நிறுத்தவுமில்லை. அது அடித்து ஓயும்வரைக்கும் கிழவியின் பஸ் கதைக்கு 'ஓம், ஓம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.