மிஸ் கருப்பையா

ஹட்டனில் இணைய விண்ணப்பங்களை நிரப்பித் தரும் அந்தக் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பச்சைக் கம்பளித் தொப்பி, காதில் ஒரு பேனா. வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். பட்டியல்படி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். குடும்பப் பெயர்தான் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அப்படியொன்று கிடையாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் போகாது.

"அப்பா பேரையே போடுவோம் மிஸ். ஆனா அங்க ஒங்கள அந்தப் பேருலதான் கூப்பிடுவாங்க. பழக்கிட்டுத்தான் அனுப்புவேன். செவத்தப் பாத்து நில்லுங்க."

எல்லோருக்கும் இப்படித்தானாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி நின்றேன்.

"மிஸ் கருப்பையா!"

நான் அசையவில்லை. துணைக்கு வந்து பெஞ்சிலிருந்த அப்பாதான் எழுந்து, "என்னங்க தம்பி?" என்றார்.

"ஐயா, நீங்க ஒக்காருங்க. போறது ஒங்க மக."

மூன்றாவது முறை நான் திரும்பினேன். உடனே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

"நீங்க எந்த நாட்டுல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நானா? கொழும்புக்கே ரெண்டு தரந்தான் போயிருக்கேன்."

வேலை கிடைத்து வந்த இந்த நாட்டில், வங்கியில் 'மிஸ் கருப்பையா' என்றதும் சட்டென்று எழுந்துவிடுகிறேன். கடல் தாண்டாத அந்த மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் புரியவில்லை.