தறி நின்ற செவ்வாய்க்கிழமை

என் மனைவி உயிரோடு இருக்கும்போதே அவளுக்குச் சாவு மாலை வந்துசேர்ந்தது. எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் விட்டுவிட்டு வந்ததுதான் அதற்குக் காரணம். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை. எட்டுத் தறிகள். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று தறி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் "தண்ணி கொடு" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். வெளியூர் விருந்தாளிகள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துச் செருப்பைத் தேடுவார்கள்.

தறி நிற்பது மாதத்தில் ஒருநாள், அமாவாசையன்று. மற்ற நாட்களில் கரண்ட் போனால் நிற்கும், அப்போது தெரு முழுக்க ஃபேனும் நின்றிருக்கும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கரண்ட் இருந்தும் தறி நின்றால் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம், அந்த வீட்டில் சாவு. எங்கள் தெருவில் வேறு பட்டறை இல்லாததால் எங்கள் தறிச்சத்தம்தான் தெருவுக்கே நாடி. என் அப்பா தவறிய அன்று தறியை நிறுத்தினோம். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

இனி கம்ப்யூட்டர். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன பழைய பெட்டி அது. மகள் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் மனைவி பி.எட். படித்தவள். படித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக சோறாக்கியும் தறிக் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றியும் காலத்தை ஓட்டியவள். போன வருஷம் எங்கிருந்தோ அவளுக்கு ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை. முதலில் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். திரையில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் செல்போனில் எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் எடுக்க வேண்டும். மூன்று வாய்ப்பு தருவார்கள்.

முதல் வகுப்பில் "அ" என்று வாயைத் திறந்தாள், நெட் போய்த் திரையில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் இருந்த குழந்தை இருபது நிமிஷம் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்ததாம். இரண்டாம் வகுப்பில் ஏழு தடவை வந்து ஏழு தடவை போனாள். அன்றைக்குக் கம்ப்யூட்டரின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மூணாவதும் போச்சுன்னா இனிமே ஒண்ணுமே கேக்க மாட்டனுங்க. பேசாம தார் சுத்திக்கிட்டே இருந்துக்கறன்."

கண்ணீர் விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

நான் தெருமுனையில் நடந்துவரும்போதே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிற ஆள். இந்தத் தக்கனூண்டு பெட்டி எனக்கு எம்மாத்திரம் என்று இறங்கினேன். கம்ப்யூட்டரின் முதுகைத் தட்டிப் பார்த்தேன். டேபிளுக்கு அடியில் அட்டை கொடுத்துப் பார்த்தேன். அது காற்றில் பிடிக்கிற கம்ப்யூட்டர் இல்லை. சுவரில் ஆணியடித்து மாட்டிய மோடத்திலிருந்து ஒரு வயர் வந்து பின்னால் சொருகும். வேறு அறைக்குத் தூக்கிப்போகலாம் என்றால் வயர் எட்டவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நான் கத்த, அவள் கத்த, கடைசியில் அவள் கேட்டாள்.

"சார், நீங்க ஃபேக்டரியில இருந்து பேசறீங்களா? வீட்டுக்குப் போய்க் கூப்பிடறீங்களா?"

"இதுதாம்மா ஊடு!"

மோடத்தை அணைத்துவிட்டு முப்பது எண்ணிப் போடச் சொன்னாள். ஒரு வாரத்தில் நான் எண்ணிய முப்பதுகளைச் சேர்த்தால் ஒரு சேலை நெய்திருக்கலாம். லைன் பார்க்கிறவர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் தன் செல்போனில் வைஃபையைப் பிடித்து வேகம் காட்டும் முள் விர்ரென்று ஏறுவதைக் காட்டினார். "லைன் ஜம்முனு இருக்குதுங்கண்ணா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்ப்யூட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காபி வேறு கொடுத்திருந்தோம்.

எதிர்வீட்டு டீக்கடைக்காரர்தான் உருப்படியாக யோசனை சொன்னார். "இது கண்ணு பட்டதுங்க. உங்க ஊட்டம்மா டீச்சராவப் போறாங்கன்னு தெருவெல்லாம் பேச்சு. ஒரு எலுமிச்சம்பழத்தக் கட்டியுடுங்க."

நானும் படித்தவன்தான். ஆனாலும் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் நூலில் கோத்து கம்ப்யூட்டரின் மண்டையில் தொங்கவிட்டேன். அன்றைக்கு அமாவாசை. ஓமலூரில் இருக்கும் தன் தங்கைக்கு மாதிரிப் பாடம் நடத்திப் பார்த்த என் மனைவிக்கு ஒரு மணி நேரம் நெட் அசையவே இல்லை. நான் வழக்கம்போல அமாவாசைக்கு ஊர்சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் நெட் போனது. பழம் வாடியதுதான் காரணம் என்று புதுப் பழம் கட்டினேன். அடுத்த நாளும் கட்டினேன். தறிகள் அமாவாசையன்று நின்றிருந்தன என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. கரண்ட் போகும்போதாவது தெரிந்திருக்குமே என்றால், அப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்தே செத்துக்கிடக்கும்.

மூன்றாம் வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. பத்தரைக்கே பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, புதுப் பழத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் நின்றேன். பத்தே முக்காலுக்கு நெட் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பட்டறையிலிருந்து தறி ஓட்டும் அக்கா கத்தினார்.

"அண்ணா! எட்டாந் தறியில பாவு அறுந்துபோச்சுங்க!"

எட்டாவது தறி சுவரை ஒட்டி இருப்பது. அது நின்றது, நெட் வந்தது. அக்கா இழையை முடிந்து தறியை ஓட்டினார், நெட் போனது. மறுபடி அறுந்தது, வந்தது. மறுபடி ஓட்டினார், போனது. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்த எனக்கு மூக்கு உடைந்ததுபோல ஆகிவிட்டது. என் மனைவியின் வகுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது என் தறி.

மணி பத்து ஐம்பத்தெட்டு. எட்டாவது தறியை மட்டும் நிறுத்தினால் போதும் என்று யோசிக்க அப்போது புத்தி இல்லை. ஓடிப்போய்ப் பட்டறையின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. தறி ஓட்டும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

வகுப்பு தொடங்கியது. யாரும் உள்ளே போய்க் கெடுத்துவிடக் கூடாது என்று நான் வாசலில் காவல் நின்றேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார். சத்தம் போடாதீர்கள் என்று வாயில் விரலை வைத்து, உள்ளே கையைக் காட்டினேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவன் கலங்கிய முகத்தோடு வாசலில் நிற்கிறான். போனது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஐயோ சாமி..." என்று மூச்சை இழுத்தார். நான் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அதையும் அவர் துக்கம் என்றே எடுத்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தெரு வந்தது. துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு ஆண்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். சத்தமாக விளக்கினால் வகுப்பு கெடும், விளக்காவிட்டால் மனைவி இல்லை. நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். நம்ப முடியவில்லை என்கிறான் பாவம் என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள். டீக்கடைக்காரர் தடிமனான ரோஜா மாலையோடு வந்தார். அவர் சொல்லியனுப்பிய, பிணம் வைக்கும் ஐஸ்பெட்டி ஏற்றிய வேன் ஒன்று ரிவர்ஸில் வந்து எங்கள் வாசலில் நின்றது.

பக்கத்து வீட்டு அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முந்தானையை எடுத்தார், ஒப்பாரிக்கு வாயைத் திறந்தார். அப்போது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஆ... ஆடு. எங்க கண்ணு, சொல்லு பாக்கலாம்?"

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. முதல் வகுப்பில் என் மனைவியின் வாய் எப்படி நின்றிருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கோ தூரத்திலிருந்து ஒரு குழந்தை "ஆது" என்றது. "ஆடு" என்றாள் இவள். வேன்காரர் பெட்டியின் கைப்பிடியை மெதுவாக விட்டார்.

அதற்குப் பிறகு ஒருவரும் போகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். நானும் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. தணிந்த, கொஞ்சம் இழுத்துப் பேசுகிற, சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற குரல். இருபத்திரண்டு வருஷமாக அவள் கத்தியதைத்தான் கேட்டிருக்கிறேன். தறி நிற்கும் அமாவாசையில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதற்கு அன்றைக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், ஐஸ்பெட்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாருக்கு என்னாச்சு?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "உனக்குத்தான் சாமி வந்தோம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வகுப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி மேலாளர் அம்மா அப்போதே வேலையை உறுதி செய்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். சாவுக்கு வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது, எங்கள் வீட்டுக்குள் வைக்கவும் முடியாது.

"எனக்குன்னுதானுங்க வாங்கியாந்தீங்க? குடுங்க. இன்னைக்குத்தான் டீச்சராயிருக்கறன்."

வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் மூன்று தடவை துப்பித் திருஷ்டி கழித்தார்.

மறுநாள் லைன் பார்க்கிறவர் மூன்றாம் தடவையாக வந்தார். தறி ஓடினால் நெட் போகிறது என்றதும் முதலில் சிரித்தார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தார், முதல்தடவையாகக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தார். வயரின் முனையில் அதைப் பிடித்துவைக்கிற சின்ன பிளாஸ்டிக் கொக்கி இல்லை. சுவர் ஆடும்போதெல்லாம் வயர் நழுவி நழுவி உட்கார்ந்திருக்கிறது. புது வயர் போட்டார், வேலை முடிந்தது.

"இந்தக் கொக்கி எப்படிங்கண்ணா ஒடைஞ்சுது?"

முதல் வகுப்புக்கு முன்னால் வந்த ஆயுத பூஜையில், தறிகளைக் கழற்றித் துடைப்பதுபோலவே நான் அந்தக் கம்ப்யூட்டரின் வயர்களையெல்லாம் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திருப்பிச் சொருகியிருந்தேன். பிடுங்கும்போது டக்கென்று ஏதோ உடைந்தது. குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

"எலியா இருக்கும்" என்றேன்.

இதை இங்கேதான் முதல்தடவையாக ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி அன்றே எலிப்பொறி வாங்கி வந்து டேபிளுக்கு அடியில் வைத்துவிட்டாள். இதுவரை எலி மாட்டவில்லை.

இப்போது அவளுக்கு வாரத்தில் ஐந்து நாள், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. புது வயர் ஆடுவதில்லை, தறி தாராளமாக ஓடலாம். நான் பதினொன்றுக்கு மெயின் சுவிட்சைத் தள்ளிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆடு, இலை, ஈ எல்லாம் முடிந்து அந்தக் குழந்தை இப்போது கதை படிக்கிறது. டீக்கடைக்காரருக்கு மட்டும் கவலை. "இனிமே நெசமாவே ஏதாச்சும்னா நாங்க எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்கிறார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் வகுப்பு முடிந்து, தறிகளை ஓட்டிவிட்டு வந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"வயரத்தான் மாத்தியாச்சுங்களே! இன்னும் எதுக்குத் தறிய நிறுத்தறீங்க?"

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகக் கேட்டது.

"கேக்கல!" என்று கத்தினேன்.