ஒரு தப்புக்கு ஒரு குட்டு

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி போட்டு நானும் வீட்டுக்காரரும் ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் தறியில் என்னை ஒருவர் குறை சொல்ல முடியாது. என் துணியில் ஒரு பழுது காட்டுங்கள், அந்தத் துணியைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் என்று சவால் விடுகிற ஆள் நான்.

மகள் அப்போது ஒன்பதாவது. மற்ற பாடமெல்லாம் படிப்பாள், கணக்கு என்றால் மட்டும் பயம். கணக்குப் பரீட்சை அன்று காலையில் ஒரு வாய் சோறு இறங்காது. காலாண்டில் பெயிலாகிவிட்டாள். "அரையாண்டுலயும் போச்சுன்னா நின்னுக்கட்டும். கணக்கு வராட்டிப் போகுது, தறி வருமில்ல" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். என் பிள்ளை படிக்கவேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை.

அதற்காக நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் அவள் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பேன். உள்ளே இருப்பது எனக்கு விளங்காது. சிவப்பு மையில் போட்ட பெருக்கல் குறி மட்டும் விளங்கும். ஒரு குறிக்கு மண்டையில் ஒரு குட்டு. ஏழு குறி என்றால் ஏழு. பொறுப்பான தாய் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. போதாததற்கு, வருகிறவர்களிடம் எல்லாம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எங்க வம்சத்துலயே ஒருத்தருக்கும் கணக்கு வராதுங்க" என்று சிரிப்பேன்.

நாளாக நாளாகக் குறிகள் குறைந்தன. ஐந்து, இரண்டு, பிறகு ஒன்றுமே இல்லை. பக்கம் பக்கமாக முத்து முத்தான எழுத்து, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. என் குட்டு வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய கணக்கு டீச்சர் வீடு தேடி வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பேச்சுக் கேட்கவேண்டும் என்று என் பக்கத்துத் தறிகளை நிறுத்தினேன்.

"ஏனுங்கம்மா, புள்ளையோட நோட்டப் பாத்தீங்களா?"

"தெனமும் பாக்கறனுங்க டீச்சர். இப்பெல்லாம் ஒரு தப்புக்கூட இல்லீங்களே!"

"தப்பு இல்லைதானுங்க. விடையே இல்லீங்க. கேள்விய மட்டும் எழுதிட்டு வர்றா."

எழுதினால்தானே தப்பு வரும்? தப்பு வந்தால்தானே குட்டு விழும்? பிள்ளை வழி கண்டுபிடித்துவிட்டாள். மகள் கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பக்கத்துத் தறியில் இழை அறுந்தது. யாரும் சொல்லாமலே மகள் ஓடினாள். தறியை நிறுத்தி, அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டு, சீப்புப் பல் மாதிரி இருக்கிற அச்சில் கோத்துவிட்டு, மறுபடி ஓட்டிவிட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. டீச்சர் வந்த காரியத்தையே மறந்தவர் மாதிரி எழுந்து போய், "எனக்கும் சொல்லிக் குடு கண்ணு" என்றார்.

"வாத்தியார் வேலைய உட்டுப்போட்டு தறிக்கு வாறீங்களா டீச்சர்?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

தறி முடிச்சு கடுகில் பாதிதான் இருக்கவேண்டும். பெரிதாக இருந்தால் அச்சில் சிக்கி மறுபடி அறுந்துவிடும். டீச்சர் போட்ட முடிச்சோ மிளகு. அறுந்தது. மறுபடி போட்டார், அறுந்தது. நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விரலைப் பார்த்தே தறிக்காரிக்குத் தெரிந்துவிடும். நிஜமாகவே அவருக்கு வரவில்லை.

"பரவால்லீங் டீச்சர், இன்னொருக்காப் போடுங்க" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை!

"உனக்கு எத்தன நாளு அறுந்துச்சு?"

"ஒரு மாசம் பூரா அறுந்துச்சுங்க."

"அம்மா அடிச்சாங்களா?"

"இல்லீங். இழைன்னா அறுந்துதான் போகும், முடிஞ்சுபோட்டு ஓட்டு அம்மணின்னாங்க."

டீச்சர் அப்போது என் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், இரண்டு வார்த்தை சொல்லியும் இருக்கலாம். குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்ன சொல்தான் அது. தறிக்கு ஒரு நியாயம், நோட்டுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தவள் நான்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். தலையெல்லாம் பஞ்சு ஒட்ட அவர் முடிச்சுப் போடுவார். பக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து மகள் கணக்குப் போடுவாள். அவருக்கு அறுந்தால் அவள் சிரிப்பாள். அவளுக்குக் கணக்குத் தப்பானால், "எங்க அறுந்துச்சுன்னு தேடு" என்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் அடங்கவில்லை. தெரியாத வேலையை நான் யார் முன்னாலும் தொட்டவளே இல்லை. கௌரவம் போய்விடும் என்று, பெற்ற மகள் முன்னால்கூடப் பேனாவைப் பிடித்ததில்லை. அத்தனை படித்த பெண், தன்னிடம் படிக்கிற பிள்ளையிடமே நாற்பது தடவை தோற்றுவிட்டு நாற்பத்தொன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டுகிறது! ஐந்தாவது சனிக்கிழமை அவர் முடிச்சு ஒன்று அச்சைத் தாண்டித் துணிக்குள் போனது. மகள் குதித்த குதி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அரையாண்டில் அவள் வாங்கியது முப்பத்தேழு. தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினேன். பத்தொன்பது சிவப்புக் குறி.

"என்ன இத்தன சிவப்பா இருக்குது?" என்றார் அவள் அப்பா.

"இருக்கட்டுங்க. அத்தனையும் எழுதிப் பாத்திருக்கறா."

"பாஸா?"

"பாஸுங்க."

அவர் தறிக்குப் போய்விட்டார். மகள் பள்ளிக்கூடம் போனாள்.

டீச்சர் முடிச்சுகள் விழுந்த அந்தத் துணியைத் துணி வாங்குகிறவர்கள் பழுது என்று கழித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதை வீட்டுக்கு எடுத்துவந்து மகளுக்குப் புத்தகப் பை தைத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பெரிய கணக்குப் புலி ஆகிவிடவில்லை. ஆனால் எந்தத் தாளையும் அதற்குப் பிறகு வெறுமையாகக் கொடுத்ததில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையின் நோட்டிலும் சிவப்புக் குறியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு குறிகூட இல்லாத பக்கத்தைப் பார்த்தால்தான் நெஞ்சு திக்கென்கிறது.