அம்மா சொன்ன சாட்சி

எங்கள் தமிழ்ச் சபையில் பெற்றோர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளைதான் அன்றைக்குப் பிரசங்கம். போன முறை, பிள்ளைகளால் கனமடைந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமென்று போதகர் விரும்பினார். அம்மாவைக் கேட்டார். அம்மா உடனே சரியென்றாள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அப்பா கொல்கத்தா கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இந்த ஊரிலேயே இறந்து, இங்கேயே அடக்கமானார். அவர் கல்லறையை விட்டு வரமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், சென்னைக்குக் கிடைத்த மாற்றலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருவரும் இருக்கிறோம். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் மகள் நான்தான். அண்ணன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான்.

அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. அம்மாவை ஒவ்வொரு படியாக இறக்கி, டாக்சி பிடித்து, கோயிலில் கொண்டுபோய் உட்கார வைப்பதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது. சாட்சி நேரத்தில் ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் மைக்கைப் பிடித்தேன்.

"என் மகன மாதிரி ஒரு பிள்ளையக் கர்த்தர் எல்லாருக்கும் குடுக்கணும்" என்று அம்மா ஆரம்பித்தாள். "எவ்வளவு வேல இருந்தாலும் போன் பண்ணாம இருக்க மாட்டான். சாப்ட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மான்னு கேப்பான். அதுலயே எனக்குப் பாதி நோவு போயிரும்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆராதனை முடிந்ததும் போதகர், "அருமையான மகன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட இருந்து உதவியா இருக்கீங்க."

டாக்சியில் ஏறியதும் கேட்டுவிட்டேன். "என்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"ஏட்டி, நீதான் பக்கத்துலயே நிக்கியே, எல்லாரும் பாக்காங்கல்லா. அவன் கேக்கணும்னுதான் பேசுனேன். ஆராதனைய யூடியூப்ல போடுதாங்கல்லா? தாய் இப்பிடிப் புகழ்ந்து பேசுனா, வராம இருக்க அவனுக்கு வெக்கமா இருக்காதா? கிறிஸ்மசுக்காவது வருவாம்லா."

அப்பாவின் அடக்கத்துக்கு வந்துபோனவன்தான் அண்ணன். அப்புறம் வரவேயில்லை. அம்மாவின் ஏக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கோபம் கூடத்தான் செய்தது. வராதவனை வரவழைக்க அம்மா இவ்வளவு யோசித்திருக்கிறாள். எனக்காக யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. நான்தான் எங்கேயும் போகப்போவதில்லையே.

அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சித்தப்பா, பெரியப்பாவெல்லாம் அவனை வாழ்த்தித் தள்ளினார்கள். அடுத்த ஞாயிறு அவன் போன் பண்ணியபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ பேசினதக் கேட்டு அழுதுட்டேம்மா. ஒனக்கு ஒரு கொறையும் வைக்கலன்னு மனசுக்கு நிம்மதியா இருக்கு."

"கிறிஸ்மசுக்கு வாரியாப்பா?"

"லீவு கெடைக்கது கஷ்டம்மா. அடுத்த வருஷம் பாப்போம். அதான் அவ கூட இருக்காளே."

அம்மா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலம் தலைவாரிவிடும்போது, "அந்த வீடியோவ எடுத்துரச் சொல்லேன்" என்றாள்.

"சாட்சி சொன்னது நீதானே. நீயே போய்ச் சொல்லு" என்றேன். சீப்பைக் கொஞ்சம் அழுத்தித்தான் இழுத்திருப்பேன் போலிருக்கிறது. அவள் முகம் சுளித்தாள்.

மறு வாரம் அவளே போதகரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "எத்தன பேருக்கு அது ஆசீர்வாதமா இருக்கு தெரியுமாம்மா? அடுத்த வருஷமும் நீங்கதான் பேசணும்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த வருஷம் இவளப் பேசச் சொல்லுங்கய்யா. நான் ஒக்காந்து கேக்கேன்."

அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்ன பேசுவது? ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். வாயில் வருவது எதுவும் மைக்கில் சொல்லக்கூடியதாக இல்லை.