தாய்மாமன் வைத்த பேனர்

திருவொற்றியூரில் ஒரு பேனர் கடையில் பன்னிரண்டு வருடமாக டிசைனர் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் கை வழியாகத்தான் தெருவுக்குப் போகும். போட்டோ கொடுப்பவர்கள் எதை மறந்தாலும் ஒன்றைச் சொல்ல மறக்க மாட்டார்கள்: "கொஞ்சம் கலராப் போட்டுடு நைனா." ஒருமுறை ஒருவர், அழுது வீங்கிய கண்ணோடு வந்து, "எங்கப்பாவ நல்லா செவப்பாக் காட்டு" என்றார். செத்தவருக்கு இனி யார் பெண் கொடுக்கப் போகிறார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு வெளுத்துக் கொடுத்தேன். அன்றே எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். குமட்டவில்லை, டீ குடிக்கப் போனேன்.

எர்ணாவூரில் இருக்கும் என் அக்காவின் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் பெரியவளானாள். எங்கள் பக்கத்தில் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வைக்கும் பேனர்தான் எல்லாவற்றிலும் பெரிசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை சீர்த்தட்டு கொண்டுபோனாலும் பேச்சு வரும். நானோ பேனர் கடைக்காரன், விடுவேனா?

"கருப்பாப் போட்டு மானத்த வாங்காதடா. நாளிக்கிப் பொண்ணு கேட்டு வர்றவங்க கண்ணுல படும்" என்றாள் அக்கா.

பதினாலு வயசுப் பிள்ளையை எவன் கேட்டு வரப்போகிறான் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கன்னத்தை வெளுத்தேன். மூக்கைக் கூராக்கினேன். உதட்டை மெல்லிசாக்கினேன். அக்காவுக்கும் எனக்கும் இருக்கிற அதே தடித்த உதடு. வேலை முடிந்த ஜோரில் பழைய படத்தின் மேலேயே சேமித்தேன்.

மண்டப வாசலில் பேனர் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் மேடையில் இருந்தவளைப் பார்த்தார்கள். பிரியாணி மென்றுகொண்டே ஒரு அம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "படத்துல ஷோக்கா கீது. நேர்ல இன்னாடி இப்டிக் கீது?" பந்தியே சிரித்தது. மேடையில் அவளும் சிரித்தாள், வீடியோக்காரர் சிரிக்கச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'பேனர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் போனாள், அப்புறம் போகவில்லை. அக்கா பஜாரில் ஏதோ ஒரு சிவப்பழகு க்ரீம் ட்யூப் வாங்கி வந்து தடவிவிட்டாள். முதலில் முகம் வெளுத்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு சிவந்து, வீங்கி, பொருக்குப் பொருக்காக உரிந்தது. அக்காவின் ஒற்றை அறை வீட்டில் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மாதம். சாப்பிடும்போதுகூடத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மனநலப் பிரிவிலும் காட்டச் சொன்னார். அக்கா வராந்தாவிலேயே கத்தினாள்: "எம் பொண்ணு இன்னா மெண்டலா? வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

பிள்ளையின் தோல் உரிந்து நிற்கிறது, இவளுக்குக் கல்யாணக் கவலை. எனக்கு அக்காவைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அருவருக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியதும் அதைவிட அதிகமாக என்மேலேயே வந்தது. நானே பிள்ளையை உள்ளே கூட்டிப் போனேன்.

மனநல டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். "யார் மாதிரி ஆகணும்னு ஆசைப்படுற?" என்று கேட்டார். ஏதாவது நடிகை பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"யாரும்மா இது?"

"நாந்தான். மாமா போட்டது."

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாரம் ஒருமுறை கூட்டி வாருங்கள், அடுத்த முறை இவள் இவளாகவே இருக்கிற பழைய போட்டோ ஒன்று கொண்டு வாருங்கள் என்றார்.

தேடினேன். கடைக் கம்ப்யூட்டரில் அசல் இல்லை, நான்தான் அழித்திருந்தேன். அக்காவின் போனில் ஆயிரம் படம், எடுக்கும்போதே வெளுத்துவிடுகிற போன். பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்ததும் சுண்ணாம்பு. பள்ளி அடையாள அட்டையில்கூட எவனோ என்னைப் போல ஒருவன் கைவரிசையைக் காட்டியிருந்தான். பதினாலு வருடம் வளர்த்த பிள்ளைக்கு அவள் நிறத்தில் ஒரு படம்கூட எங்கள் குடும்பத்தில் இல்லை. எவ்வளவு கேவலமான ஜனங்கள் நாங்கள்!

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "புதுசா ஒண்ணு எடுத்துக்கினு போலாம்மா. இங்க பாரு" என்று போனைத் தூக்கினேன்.

துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாணாம் மாமா. நீ எடுத்தா மாத்திடுவ."