நேராகத் தெரிந்த கண்மாய்க் கரை

அந்தத் துண்டுக்குள் வியர்வையும் மிளகாய் வற்றல் நெடியும் கலந்து அடித்தது...

கமுதிச் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமத்தின் கண்மாய்க் கரையில் நின்றிருந்தோம். புரட்டாசி வெயிலில் லேப்டாப் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஊர்க்காரர் ஆண்டியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். ஒவ்வொருவராக உள்ளே தலையை விட்டுப் பார்த்தோம்.

நாலைந்து வருடம் இருக்கும்.

லேப்டாப் நிவேதாவுடையது. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். ராமநாதபுரம் நகரத்துக் கட்டடங்களும் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோரச் சாலைகளும் எங்கெங்கே மண்ணுக்குள் இறங்குகின்றன என்று செயற்கைக்கோளை வைத்து அளக்க வந்திருந்தார். அவரோடு இரண்டு நாள் சுற்றி எங்கள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதுவது என் வேலை.

எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. முதல் நாள், ஊருணியைத் தூர்த்துக் கட்டிய ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் எதிரே நின்று, "இதுல வடக்கு மூலை மட்டும் இறங்குது சார்" என்றார். உள்ளே அவர் கால் வைத்ததே இல்லை. காவலாளியிடம் கேட்டோம். அவர் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார்... வடக்கு மூலை அறையின் கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்த வரவில்லை.

ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிற ஒன்றுக்கு ஒரு கதவு சாத்தாதது தெரிந்திருக்கிறது!

அது போட்டோ எடுப்பதில்லை என்று நிவேதா விளக்கினார். ரேடார் அலையை அனுப்புகிறது. கல், கான்கிரீட் போன்றவற்றில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துத் தூரத்தை அளக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்து மறுபடி அளக்கிறது. இறங்காத இடம் பச்சைப் புள்ளி. இறங்கும் இடம் சிவப்பு.

அந்த வரைபடத்தின் ஓரத்தில்தான், யாரும் கேட்காமலே, இந்தக் கண்மாய் வந்திருந்தது. நீளமான பச்சைக் கோட்டுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். மாதத்துக்கு ஒரு நெல்மணியின் தடிமன் அளவுக்கு இறங்குகிறதாம்.

பாசனப் பிரிவு இன்ஜினியரையும் அழைத்துக்கொண்டு வந்தோம். கரை நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

ஆண்டியப்பன்தான் ஊருக்காகக் கரையையும் மடையையும் பார்த்துக்கொள்பவர். துண்டுக்குள்ளிருந்து தலையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏந்தாயி, நாங்க தெனம் நடக்குற கரை. எங்களுக்குத் தெரியாதது ஆகாசத்துல போறவனுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"கல்லு இறங்கியிருக்குங்கய்யா. தண்ணிப் பக்கம் பதிச்சிருக்கிற கல்லு" என்றார் நிவேதா.

"கல்லு எறங்குனா கரை எறங்காதா? இங்கன பாரு, எம்புட்டு நேரா இருக்கு! வருசா வருசம் மழைக்கு முன்னாடி வீட்டுக்கு இம்புட்டுன்னு மண்ணு போட்டு மட்டம் பண்ணிருவோம்ல. இந்த எடத்துக்கு மட்டும் ரெண்டு டிராக்டர் கூடவே போடுவோம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

இன்ஜினியர் மெல்லக் கேட்டார், "எத்தனை வருசமா?"

"அது... கரையில நின்ன சீமைக் கருவேலத்த வெட்டுனதுல இருந்து."

"வேரையும் எடுத்தீங்களா?"

"வேரத் தோண்டுனா கரை போயிரும்னு விட்டுட்டோம்."

மண்ணுக்குள் வேர் மக்கிப்போய், அந்தப் பொந்துகள் வழியாகக் கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கலாம் என்றார் இன்ஜினியர். தோண்டினால்தான் தெரியும்.

"மழை எறங்கப் போற நேரத்துல கரையத் தோண்டுறதா? கிறுக்கா புடிச்சிருக்கு? மூடுறதுக்குள்ள மழை வந்தா வெள்ளாமையும் போச்சு, ஊரும் போச்சு!" ஆண்டியப்பன் குரல் ஏறிவிட்டது.

அவர் சொன்னதும் நியாயம்தான். இன்ஜினியரே தயங்கினார்.

அப்போதுதான் கரைக்குக் கீழேயிருந்து வெள்ளையம்மாள் ஏறி வந்தார். மிளகாய் வெள்ளாமை செய்யும் சம்சாரி. அவர் வீட்டு ஓடு நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

"தோண்டட்டும் மாமா. ஒண்ணும் இல்லேன்னா நானே கூடையில அள்ளி மூடுறேன். இதுக்குக் கீழ படுத்துக் கெடக்குறது எம்புள்ளைக... ஒங்க புள்ளைக இல்ல."

ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டி எடுத்துவர ஊருக்குள் போனார்.

இடுப்பளவு தோண்டியதும் பொந்து தெரிந்தது. ஆண்டியப்பன் கையை விட்டுப் பார்த்தார். தோள்வரை உள்ளே போயிற்று. கையை வெளியே எடுத்தபோது விரல்களில் ஈர மண்ணும் மக்கிய வேர்ச் சக்கையும். கரையின் மேல் அப்படியே உட்கார்ந்து வெள்ளையம்மாளைப் பார்த்தார்.

"மேல மேல மண்ணப் போட்டு நாமதாம்மா மறைச்சு வச்சிருக்கோம்..."

எட்டு நாளில் வேரையெல்லாம் எடுத்து, களிமண் இட்டு, இடித்து இறுக்கினார்கள். ஊரே கூட நின்று வேலை செய்தது. ஒன்பதாம் நாள் தூறல்.

ஐப்பசியில் கண்மாய் நிரம்பி உபரித் தண்ணீர் மறுகால் பாய்கிறது என்று தகவல் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் கல் வரிசையின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரைக்குக் கீழே வெள்ளையம்மாள் மிளகாய் நாற்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எங்க வீடு போயிருச்சான்னு பாக்க வந்தீகளா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையில் என் தொழில் அதுதானே... கரை உடைந்தால் போவோம். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தவர்களை எண்ணுவோம். செத்த ஆடுகளைப் படம் எடுப்போம்.

அன்று அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

"உடையலையா?" என்றார் செய்தி ஆசிரியர்.

"உடையல சார்."

"அப்ப என்ன நியூஸ்?"

நகரத்துக் கட்டடங்களைப் பற்றிய கட்டுரை வந்தது. கண்மாய்க்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

இப்போதெல்லாம் மழைக் காலம் தொடங்கியதும் நிவேதா புது வரைபடத்தை அனுப்பிவிடுகிறார். போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்த இடம் முழுக்கப் பச்சை. தலைக்கு மேலே எதுவோ ஓசையில்லாமல் வந்து, வெள்ளையம்மாள் வீட்டுக்கு மேலிருக்கும் கற்களைத் தொட்டு அளந்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைக்கும்போது இன்றைக்கும் ஒரு பிரமிப்பு...

உடைந்த கரைகளைப் பற்றி நான் எழுதிய செய்திகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. உடையாமல் நின்ற ஒரு கரையைப் பற்றி எழுத இத்தனை நாளாகிவிட்டது.