ரதி அழுத வருடம்

விடிகிற நேரத்துப் பனியில் ரதி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மன்மதனைச் சிவன் எரித்த பிறகு ரதி புலம்பும் கட்டம் அது. ரதி வேடம் கட்டியிருந்தவர் என் அண்ணன். மாசி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தில் அந்தப் புலம்பலைக் கேட்பதற்கென்றே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அன்று பாட்டு முடிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. தப்பு மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது வேசமில்லம்மா, அவன் மேல ரதியே எறங்கிட்டா" என்று கூத்து மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டபடி என்னிடம் சொன்னார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டுக் கேட்டே வீட்டில் வசவு வாங்கி வளர்ந்தவள். அண்ணன் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவர் உடம்பு ஒரு கணம் திடுக்கிட்டு நின்றதைக் கவனித்தேன். கூத்தில் அப்படி ஓர் அடவு கிடையாது.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அண்ணன் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தேயிலைத் தொழிற்சாலை வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். யாரோ செய்வினை என்றார்கள், அதையும் பார்த்தோம். கடைசியில் அண்ணிதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அழைத்துப்போனார். மனச்சோர்வு என்று டாக்டர் அம்மா சொல்லி, தினமும் ஒரு கெப்சூல் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் எழுந்தார், வேலைக்குப் போனார், ஒருநாள் கிண்டல்கூடச் செய்தார். மறுபடியும் ரதி கட்டப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று அண்ணி எங்கள் லயத்தில் வரிசையாக இருந்த வீடுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார்.

கூத்துக்குக் காப்புக் கட்டிவிட்டால் மீன், கறி, சாராயம் எதையும் தொடக்கூடாது. வீட்டிலும் படுக்கக்கூடாது, கோயிலடியில்தான் படுக்கை. அண்ணன் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோனார் என்று அண்ணி நம்பிக்கொண்டிருந்தார். கூத்து முடிந்த அந்தக் காலையில் கோயில் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் நான்தான் கேட்டேன். "கெப்சூல் தோல மாட்டெலும்புலதான் செய்றாங்களாம், தங்கச்சி. பேக்டரில ஒருத்தன் சொன்னான். காப்பக் கட்டிக்கிட்டு அத எப்புடி முழுங்குறது?" என்றார். காப்புக் கட்டிய நாளோடு மருந்தை நிறுத்தியிருக்கிறார். அதன் பிறகு, கண்ணை அசைத்தால் தலைக்குள் கரண்ட் அடிக்கிறது, நடந்தால் தரை சாய்கிறது, நாய்க்குட்டியைப் பார்த்தால்கூட அழுகை பொங்குகிறது. அவரும் அதை ரதி என்றே நினைத்திருந்தார்.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. "மறுபடியும் சொவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துருவாரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்குத் தெரியவில்லை, எனக்கும் பயமாக இருந்தது. காப்பு அவிழ்த்த கையோடு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அம்மா சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். இது பழைய நோய் அல்ல. மருந்துக்குப் பழகிய மூளை, திடீரென்று அது கிடைக்காததால் தடுமாறுகிறது. உறையில்லாத மாத்திரையாகவும் அந்த மருந்து உண்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அண்ணன் அசடு வழியச் சிரித்தார். முதலில் மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டும், நிலைப்பட்ட பிறகு விட நினைத்தால் படிப்படியாக, தான் சொல்கிறபடி விடலாம் என்று டாக்டர் முடித்தார்.

அண்ணன் மருந்தைத் திரும்பத் தொடங்கி, நிலைப்பட்டு, பிறகு விட முடிவெடுத்தார். படிப்படியாக அளவைக் குறைத்த அந்த மாதங்களில்தான் அண்ணனை நான் சரியாகத் தெரிந்துகொண்டேன் என்று தோன்றுகிறது. அளவு குறைகிற ஒவ்வொரு முறையும் தலைக்குள் அந்தக் கரண்ட் திரும்ப வரும். வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பதுபோல நான் அவரைத் துருவிக் கேட்பேன். "ஒரு சத்தம் இருக்கு, தங்கச்சி. காதுல இல்ல, உள்ளுக்குள்ள. பஸ்ஸு வளைவுல திரும்புறப்ப வகுறு மட்டும் பின்னாடி நிக்கும்ல, அந்த மாதிரி தல நிக்கிது" என்பார். சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ஓர் ஆர்வம் வந்துவிட்டது. கனவுகள் எல்லாம் திருவிழா மாதிரி கலர் கலராக வருகின்றன என்றார். ஒருமுறை தாங்க முடியாமல் போய், டாக்டர் முந்தைய அளவுக்கே திரும்பச் சொன்னபோது, "எறங்குன படியில மறுபடி ஏறச் சொல்றாங்களே" என்று கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. அவர் பேசாமல் இருக்கும்போதெல்லாம் அண்ணி என்னைப் பார்ப்பார்: போகிறது மருந்தா, வருகிறது நோயா? கரண்டும் தலைச்சுற்றலும் சில நாட்களில் அடங்கிவிடும், பழைய நோய் வேறு மாதிரி என்று நாங்கள் மூவரும் மெல்லப் புரிந்துகொண்டோம். மாஸ்டரிடம் அண்ணனே போய் எல்லாவற்றையும் சொன்னார். "எந்தச் சாமிடா ஒங்கிட்ட மருந்த நிறுத்தச் சொல்லிக் கேட்டுச்சி?" என்று அவர் போட்ட சத்தம் கோயிலடி முழுக்கக் கேட்டது.

கடைசி மாத்திரையும் நின்று, உடம்பு அடங்கி, டாக்டர் அம்மாவும் சரி என்ற பிறகு வந்த மாசியில் அண்ணன் மறுபடியும் ரதி கட்டினார். பாட்டு முடிந்தது, அழுகையும் முடிந்தது. "போன தடவ மாதிரி இல்லியே" என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துப் பேச்சு வந்தால் அந்த முந்தைய அழுகையைத்தான் சொல்வார்கள். அண்ணன் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மறுபடியும் ரதி கட்டிய அன்று காலை, தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், எப்படி இருந்ததண்ணே என்று கேட்டேன். கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போன தடவ அழுதேன், தங்கச்சி. இந்தத் தடவதான் நடிச்சேன்."